மன்னார் வளைகுடாவில் கடலின் ஆண்டு

இராமநாதபுரத்திலிருந்து கிழக்கே செல்லச் செல்ல நிலம் குறுகிக்கொண்டே போகிறது. மண்டபத்தை அடையும்போது வடக்கே ஒரு கடலும் தெற்கே ஒரு கடலுமாக இரண்டு கடல்கள் சிறு நடைத் தொலைவுக்குள் வந்துவிடுகின்றன. வடக்கே இருப்பது பாக் விரிகுடா; தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. ஆழம் குறைந்து அலை அடங்கிய முன்னதைப் பெண்கடல் என்றும், ஆழமும் அலையும் மிகுந்த பின்னதை ஆண்கடல் என்றும் அப்பகுதி மீனவர்கள் வழங்குவர். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அமைதியாகக் கிடக்கும். வாடைக் காற்று தொடங்கியதும் நிலைமை மாறும். ஆகவே ஒரே ஊரைச் சேர்ந்த மீனவர் ஆண்டின் ஒரு பகுதியில் ஒரு கடலிலும் மறு பகுதியில் மற்றதிலும் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம்.

இது நீரின் மேற்பரப்பைப் பற்றிய அறிவு. நீருக்கு அடியிலும் பருவங்கள் உண்டு. அங்கு வாழும் உயிர்களுக்கு அவை இன்னும் கடுமையானவை. நிலத்தில் இருப்போர் மழை, வெயில், பனி என்று பகுத்துக்கொள்வதைப் போல, பவளப்பாறையில் வாழும் உயிர்களுக்குத் தெளிந்த நீர், சூடான நீர், கலங்கிய நீர், உப்புக் குறைந்த நீர் என்று ஆண்டு பிரிகிறது. இந்தப் பிரிவினை நமக்குத் தெளிவாகத் தெரியவந்தது, மனிதன் காற்றைத் தன்னுடன் எடுத்துக்கொண்டு கடலடிக்குச் செல்லக் கற்ற பின்னரே ஆகும். அரசின் பாதுகாப்புத் திட்டங்கள் இந்தக் கடலாண்டை ஒட்டி நடக்கின்றனவா, அல்லது ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் நிதியாண்டை ஒட்டி நடக்கின்றனவா என்பது அதிகாரிகள் மட்டத்தில் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

தீவுகளும் பாறைகளும்

மண்டபத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. மண்டபம் பகுதியில் சிங்கில், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் ஆகிய 7 தீவுகளும், கீழக்கரைப் பகுதியில் 7 தீவுகளும், வேம்பார் பகுதியில் 3 தீவுகளும், தூத்துக்குடிப் பகுதியில் 4 தீவுகளும் உள்ளன. இத்தீவுகளையும் சுற்றியுள்ள கடற்பரப்பையும் தமிழ்நாடு அரசு 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரையிலான 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று.

21 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. கீழக்கரைப் பகுதியின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பகுதியின் விலங்குச்சல்லியும் நீருக்குள் மறைந்துவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் பல பத்தாண்டுகள் பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்டதே இதற்கு முதற்காரணம். அலையைத் தடுத்து நின்ற பாறை போனபின் அதன் நிழலில் நின்ற மணல் நிற்கவில்லை. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், பாறைகளின் மதிப்பைக் கடற்கரை மக்களும் உணரத் தலைப்பட்ட நிலையில், கல் எடுப்பது பெரும்பாலும் நின்றது. அப்பேரலை இக்கரையைக் கடுமையாகத் தாக்காததற்கு இலங்கைத் தீவின் மறைவே பெருங்காரணம் என்றாலும், பாறைகளுக்கும் தீவுகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

இங்கு 117 வகைப் பவளங்கள் பதிவாகியுள்ளன. தீவுக் கரைகளைச் சுற்றி, பெரும்பாலும் ஆளுயரம் முதல் இரண்டு மூன்று ஆள் ஆழம் வரையிலான நீரில் இவை வளர்கின்றன. கிளை கிளையாகப் பிரியும் அக்ரோபோரா, தட்டாகவும் இலையாகவும் படரும் மாண்டிபோரா, உருண்டைப் பாறை போல் திரளும் போரைட்டசு ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. பவளம் செடியன்று, கல்லுமன்று. ஊசிமுனை அளவிலிருந்து விரல் நுனி அளவு வரையிலான சிறு உயிர்கள் கூட்டாக வாழ்ந்து, தமக்கென்று கட்டிக்கொள்ளும் சுண்ணக் கூடே பாறையாகிறது. கிளைப்பவளம் நல்ல சூழலில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் வரை நீளும். உருண்டைப் பவளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒருவர் இரு கையாலும் அணைக்கக்கூடிய போரைட்டசுத் திரளை அவருடைய வயதை ஒத்த முதிய உயிர் என்று கருதலாம்.

மூச்சடக்கியும், மூச்சை எடுத்துச் சென்றும்

இக்கடலின் அடித்தளத்தை முதலில் அறிந்தோர் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களுமே ஆவர். கல்லின் எடையில் இறங்கி, ஒரே மூச்சில் கையால் துழாவிச் சேகரித்து, கயிற்றின் துணையால் மேலேறிய அவர்கள், கடலடியின் மேடுகளுக்குப் பார் என்று பெயரிட்டனர். தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தோலாயிரம் பார் போன்ற பெயர்கள் இன்றும் ஆராய்ச்சி அறிக்கைகளில் வழங்குகின்றன. முத்துக் குளிப்பு கடைசியாக நடைபெற்ற ஆண்டு 1961. அதன் பின்னர் சிப்பி போதிய அளவில் விளையவில்லை.

1943-இல் பிரான்சு நாட்டில் ழாக் கூசுத்தோவும் எமில் கஞானும் உருவாக்கிய அக்வாலங் என்னும் கருவி இந்நிலையை மாற்றியது. அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய உருளை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்பக் காற்றை அளந்து தரும் அடைப்பிதழ், வாயில் கவ்விக்கொள்ளும் குழல் ஆகியவையே அதன் உறுப்புகள். ஸ்கூபா எனப்படும் இன்றைய மூழ்குமுறை அதன் வழிவந்தது. 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் இக்கருவியுடன் தூத்துக்குடிக் கடலில் முத்துப் பார்களை நேரில் ஆராய்ந்தனர். எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் 1960-களில் வெளியிட்ட கடலடி ஆய்வுக் கட்டுரைகள் இந்தியாவில் இவ்வகைப் பணியின் முன்னோடிகள் எனலாம். ஒரு மூச்சு நேரம் மட்டுமே பார்க்க முடிந்ததை ஒரு மணி நேரம் நின்று பார்க்க முடிந்தது என்பதே இதில் நிகழ்ந்த மாற்றம்.

மாணவர்கள் இதன் கணக்கை எளிதில் போட்டுப் பார்க்கலாம். 12 லிட்டர் கொள்ளளவு உள்ள உருளையில் வளிமண்டல அழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டால், அதில் இருப்பது 2,400 லிட்டர் காற்று. ஒருவர் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசித்தால் கரையில் அது 120 நிமிடம் வரும். நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் அதே காற்று 60 நிமிடமும், 20 மீட்டரில் 40 நிமிடமுமே வரும். மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளப்பாறை 3 மீட்டர் ஆழத்தில் இருப்பின், ஏறத்தாழ 90 நிமிடம் கிடைக்கும். அவசரத்திற்கென்று ஒரு பகுதியை மிச்சம் வைத்தே மேலே வர வேண்டும் என்பது மாறாத விதி.

அழுத்தத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரசன் குருதியிலும் தசையிலும் கரைந்து நிற்கும். ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர் விரைந்து மேலேறினால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியில் குமிழி எழுவதைப் போல, அது உடலுக்குள் குமிழியாகும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை இதனால் நேரும். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறுவதும், 5 மீட்டரில் 3 நிமிடம் தங்குவதும் இதற்காகவே. பயிற்சி பெற்ற ஆய்வாளர் இவற்றைக் கடைப்பிடிக்கிறார். படகிலுள்ள காற்றழுத்த எந்திரத்திலிருந்து நீண்ட குழாய் வழியே சுவாசித்துச் சங்கு எடுக்கும் தொழிலாளிக்கு ஆழமானியோ, கால அட்டவணையோ, அருகில் சிகிச்சைக்குரிய அழுத்த அறையோ பெரும்பாலும் கிடையாது. கடலடியைப் பற்றிய எந்தத் திட்டத்திலும் இவர்களுடைய உடல்நலம் ஒரு தனித் தலைப்பாக இடம் பெற வேண்டும்.

தை முதல் பங்குனி வரை

வாடை தணிந்து தை பிறந்ததும் தென்கடல் தெளியத் தொடங்கும். இக்கடல் இலட்சத்தீவுக் கடலைப் போலப் பளிங்கு நீரன்று. தெளிவான நாளிலும் சில மீட்டர் தொலைவே பார்வை எட்டும். எனினும் ஆய்வாளர் காத்திருப்பது இம்மாதங்களுக்காகவே. பாறை இடுக்குகளில் களவாய் மீன் அசையாது நிற்கும். பவளத்தின் மேல் படியும் பாசியைக் கிளிமீன் கூட்டம் சுரண்டித் தின்னும் ஒலி நீருக்குள் தெளிவாகக் கேட்கும். கடற்புல் பரப்பில் ஓரா மீனும், கடற்குதிரையும், கடல் அட்டையும் உண்டு. அருகிவரும் ஆவுளியா இப்புல்லையே நம்பி வாழும் விலங்கு. அதற்கென 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது. பங்குனி ஆமைகள் எனப்படும் சிற்றாமைகள் கரையேறி முட்டையிடுவதும் இக்காலத்தில்தான். பவள இனங்கள் பலவும் மார்ச்சு மாதத்தை ஒட்டிய இரவுகளில் முட்டையையும் விந்தணுவையும் நீரில் ஒருங்கே வெளிவிடுகின்றன.

அளவெடுக்கும் முறை எளிமையானது. பாறையின் மேல் 20 மீட்டர் நாடாவை விரித்து, அதன் கீழே எவ்வளவு நீளத்திற்கு உயிர்ப் பவளம், எவ்வளவு நீளத்திற்கு இறந்த பவளம், மணல், பாசி என்று மூழ்குநர் பென்சிலால் பிளாஸ்டிக் பலகையில் குறித்துக்கொள்வார். 20 மீட்டரில் 7.4 மீட்டர் உயிர்ப் பவளம் எனில் அது 37 விழுக்காடு. இவ்வாறு பல இடங்களில் எடுத்த அளவுகளின் சராசரியே அறிக்கைகளில் வரும் எண். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2003-க்கும் 2005-க்கும் இடையே எல்லாத் தீவுகளையும் சுற்றி மூழ்கி எடுத்த அளவு ஏறத்தாழ 37 விழுக்காடாகவே இருந்தது. கல்லெடுப்பு நின்றதன் பயனாக அது 2009-இல் 43 விழுக்காட்டை நெருங்கியது. சட்டமும் மக்களும் ஒத்துழைத்தால் கடல் எவ்வளவு விரைவில் மீளும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அடுத்த ஆண்டே கணக்கு மாறியது.

சித்திரையும் வைகாசியும்

இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட இந்த நாட்களில் காற்று ஓய்ந்துவிடும். கரையில் நிற்பவருக்குக் கடல் மிக அழகாகத் தோன்றுவதும், பவளத்திற்கு மிக ஆபத்தாக முடிவதும் இக்காலமே. நீர் கலங்காமையால் வெயில் அடிவரை இறங்குகிறது. கலக்கும் அலை இல்லாமையால் மேல்நீரின் வெப்பம் அப்படியே நிற்கிறது. ஆழம் குறைந்த பாறைகளில் வெப்பநிலை 30 டிகிரி செல்சியசைத் தாண்டி, சில ஆண்டுகளில் 32 டிகிரிக்கும் மேல் செல்கிறது.

பவளத்தின் திசுவுக்குள் நுண்ணிய பாசி உயிரணுக்கள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் உணவே பவளத்தின் தேவையில் பெரும்பகுதியைத் தருகிறது. அதன் நிறமும் அவற்றாலேயே. வெப்பம் வரம்பு கடந்தால் இப்பாசியின் ஒளிச்சேர்க்கை சீர்குலைந்து நச்சுத்தன்மை வாய்ந்த ஆக்சிசன் சேர்மங்கள் உண்டாகும். பவளம் தன் குடியிருப்போரை வெளியேற்றிவிடும். கண்ணாடி போன்ற திசுவின் வழியே வெண்ணிறக் கூடு தெரியும். இதுவே வெளிறுதல். வெளிறிய பவளம் இறந்த பவளமன்று. பட்டினி கிடக்கும் பவளம். சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும். குளிராவிட்டால் பவளம் மடியும். வெண்கூட்டின் மேல் பச்சைப் பாசி படரும்.

எத்தனை வாரம் பொறுக்கும் என்பதைக் கணிக்க ஓர் அளவுகோல் உண்டு. ஓரிடத்தில் வழக்கமாக நிலவும் மிகச் சூடான மாதத்தின் சராசரியை வரம்பாகக் கொண்டு, அதற்கு மேல் ஒரு டிகிரி ஒரு வாரம் நீடித்தால் ஒரு டிகிரி-வாரம் எனக் கணக்கிடுவர். 12 வாரங்களில் 4 டிகிரி-வாரம் சேர்ந்தால் வெளிறுதலும், 8 சேர்ந்தால் பரவலான இறப்பும் எதிர்பார்க்கலாம். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் தரும் வெப்பநிலையைக் கொண்டு இவ்வகை எச்சரிக்கையை அந்தமான், நிகோபார், இலட்சத்தீவு, கச்சு வளைகுடா, மன்னார் வளைகுடா ஆகிய பகுதிகளுக்கு வெளியிட்டு வருகிறது.

மன்னார் வளைகுடாவில் 1998-இலும், 2010-இலும், 2016-இலும், 2024-இலும் பெரும் வெளிறுதல் நிகழ்ந்தது. இவை யாவும் எல் நினோ என்னும் பசிபிக் கடல் வெப்பமாற்றத்தை ஒட்டி வந்தவை. 2010-இல் உயிர்ப் பவளப் பரப்பு 33 விழுக்காடாகக் குறைந்தது. மெல்ல மீண்டு 2016-இன் தொடக்கத்தில் 39 விழுக்காட்டை எட்டியது. அவ்வாண்டின் இறுதிக்குள் 23 விழுக்காடாக வீழ்ந்தது. விரைந்து வளரும் கிளைப்பவளங்களே மிகுதியாக மடிந்தன. உருண்டைப் பவளங்கள் பெரும்பாலும் தப்பின. கடலையே காணாத தக்காணப் பீடபூமியில், புணே நகரில் அமைந்த இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு, 1950-க்கும் 2020-க்கும் இடையே இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி என்ற வீதத்தில் சூடேறியதைக் காட்டுகிறது. எல் நினோ இல்லாத ஆண்டுகளின் சித்திரையிலும் இப்போது ஓரளவு வெளிறுதல் காணப்படுவதற்கு இதுவே பின்புலம்.

கச்சானும் வாடையும்

வைகாசி இறுதியில் கச்சான் எழும்போது மீனவர் சலித்துக்கொள்வார். பவளத்திற்கோ அது உயிர்மூச்சு. அலை நீரைக் கலக்கிக் குளிரச் செய்கிறது. எழும் கலங்கல் வெயிலை மறைத்து நிழலாகவும் உதவுகிறது. அதே கலங்கல் நீடித்தால் வண்டலாகப் படிந்து பவளத்தை மூச்சுத் திணறவும் வைக்கும். காற்று சில வாரங்கள் முன்பின்னாக வருவதைப் பொறுத்தே அவ்வாண்டின் இழப்பு அமைகிறது. மூழ்கினால் நீட்டிய கை தெரியாத இம்மாதங்களில் நேரடி ஆய்வு ஏறக்குறைய நின்றுவிடும். பாறையில் பொருத்திய வெப்பப் பதிவுக் கருவிகள்தாம் அப்போது பேசும்.

காற்று தணியும் புரட்டாசியில் வேறொரு இடர் தோன்றுவதுண்டு. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரவில் ஒளிரும் நொக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பாம்பனை ஒட்டிய கடலில் அளவின்றிப் பெருகியது. அது அழுகியபோது நீரில் ஆக்சிசன் குறைந்து மீன்கள் செத்து மிதந்தன. சிங்கில், குருசடைத் தீவுகளின் பவளங்களும் பாதிக்கப்பட்டன. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரும், வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீரும் பாம்பன் கால்வாய் வழியாகத் தென்கடலுக்குள் வருகின்றன. அந்நாட்களில் மூழ்குவார் இலர்.

ஒப்பிட்டுப் பார்த்தால், இலட்சத்தீவிலும் மகாராட்டிரத்தின் மால்வனிலும் தென்மேற்குப் பருவம் ஒன்றே மூழ்குதலை நிறுத்துகிறது. அக்டோபர் முதல் மே வரை அங்கு தொடர்ச்சியான காலம் கிடைக்கிறது. மன்னார் வளைகுடாவில் இரு பருவக்காற்றுகளும் குறுக்கிடுவதால் ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே பயன்படும். சுற்றுலா மூழ்குதலை இங்கு வளர்க்க வேண்டும் என்று கூறுவோர் இதனைக் கருத வேண்டும். மேலும், பூங்காத் தீவுகளில் வனத்துறையின் அனுமதியின்றி இறங்குவது சட்டப்படி குற்றம்.

இரண்டு நாட்காட்டிகள்

கடலின் ஆண்டை ஒட்டி நடக்கும் ஏற்பாடுகள் இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் எந்திரப் படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. 2017-க்கு முன் அது 45 நாட்களாக இருந்தது. மீன் இனப்பெருக்கத்திற்காக வகுக்கப்பட்ட இத்தடை, பவளம் வெப்பத்தால் நலிந்திருக்கும் நாட்களில் இழுவலையையும் அதன் கலங்கலையும் விலக்கி வைக்கிறது. இது எண்ணிச் செய்ததன்று; எனினும் நற்பயன் உடையது.

இதனினும் குறிப்பிடத்தக்கது பாம்பன், மண்டபம் பகுதியின் பாசி எடுக்கும் பெண்களின் வழக்கம். கண்ணாடி அணிந்து மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் இவர்கள், மாதத்திற்கு 12 நாட்களுக்கு மேல் செல்வதில்லை என்றும், தடைக்காலத்தை ஒட்டிய நாட்களில் முற்றிலும் நிறுத்துவது என்றும் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். பூங்காச் சட்டத்தின் பார்வையில் அத்துமீறுவோராக எண்ணப்பட்ட இவர்களே பாறையின் பருவத்தை நாள்தோறும் கண்ணால் காண்பவர்கள். வெளிறுதலைக் கண்டு முதலில் தெரிவிக்கக்கூடியவர்களும் இவர்களே. பதிவேடு ஒன்றையும் சிறு ஊதியத்தையும் கொடுத்தால் வனத்துறைக்குக் கிடைக்கும் தகவல் பெருகும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வேற்றுப் பாசி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாழ்வாதாரத்திற்காக இக்கரையில் வளர்க்கப்பட்ட காப்பாபைகசு ஆல்வரேசி என்னும் அயல்நாட்டுப் பாசி குருசடைத் தீவின் பவளங்களைப் போர்த்தி மூடியிருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஒரு சிறு துண்டிலிருந்தும் அது தழைக்கும். மூழ்குநர்கள் கையால் பிய்த்து அகற்றுகின்றனர். ஆனால் எடுக்கும்போதே சிதறும் துண்டு நீரோட்டத்தில் அடுத்த பாறைக்குச் செல்லும். ஆகவே நீரோட்டம் அடங்கிய நாட்களைத் தேர்ந்து செய்ய வேண்டிய பணி இது.

நாட்காட்டிகள் முரண்படுவது மறுசீரமைப்புப் பணியில்தான். சிதைந்த இடங்களில் பவளக் கிளைத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி நடும் முறை 2002 முதல் இங்கு கையாளப்படுகிறது. நடுவதற்குத் தெளிந்த நீர் வேண்டும். அது தை, மாசியில் கிடைக்கிறது. மார்ச்சு 31-க்குள் ஒதுக்கீட்டைச் செலவிட்டாக வேண்டும் என்ற அலுவலக நெருக்கடியும் அதே மாதங்களில் வருகிறது. இரண்டும் பொருந்துவது போல் தோன்றினாலும், பங்குனியில் நட்ட துண்டு வேரூன்றும் முன்பே சித்திரையின் சூட்டைச் சந்திக்கிறது. கச்சான் தணிந்து வாடை வலுக்கும் முன் கிடைக்கும் சில வாரங்களிலோ, தை தொடங்கியவுடனோ நட்டால் அதற்கு அவகாசம் கிடைக்கும். இதற்கு நிதி ஆவணியிலேயே கையில் இருக்க வேண்டும். பயன்படாத தொகை அடுத்த ஆண்டுக்குச் செல்ல வழி வேண்டும். ஐதராபாத்தின் எச்சரிக்கை வந்த ஆண்டில் நடவை நிறுத்திவைக்கும் அதிகாரம் களத்திலுள்ள அலுவலருக்கு இருக்க வேண்டும். நட்ட துண்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பணியை மதிப்பிடாமல், அடுத்த ஐப்பசியில் உயிருடன் உள்ளவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிட்டால் பாதிச் சிக்கல் தானே தீரும்.

தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவு மற்றோர் எடுத்துக்காட்டு. 1960-களின் இறுதியில் 20 ஹெக்டேர் அளவில் இருந்த இத்தீவு 2010-களில் சில ஹெக்டேராகச் சுருங்கியது. பருவநிலை மாற்றத்திற்கான தேசியத் தகவமைப்பு நிதியின் உதவியுடன், துளைகள் கொண்ட சரிவக வடிவக் கான்கிரீட்டுப் பாறைகள் 2015-இன் இறுதி முதல் அதன் கடற்புறத்தில் இறக்கப்பட்டன. அலையின் வேகம் தணிந்து மணல் சேர்ந்தது, கான்கிரீட்டின் மேல் பவளக் குஞ்சுகள் குடியேறின, மீன்கள் கூடின. இதே முறையில் அருகிலுள்ள காரைச்சல்லித் தீவையும் மீட்க உலக வங்கி உதவியுடன் கூடிய தமிழ்நாடு அரசின் கடற்கரை மீட்டெடுப்புத் திட்டத்தில் வழி செய்யப்பட்டுள்ளது.

இத்தகைய தீவின் பரப்பை அளப்பதிலும் பருவம் குறுக்கிடுகிறது. கச்சான் காலத்தில் அலை ஒரு முனையின் மணலை அரித்து மறு முனையில் சேர்க்கும். வாடையில் அது திரும்பி வரும். ஓத ஏற்றத்தில் எடுத்த அளவும் இறக்கத்தில் எடுத்த அளவும் ஒன்றல்ல. தீவு வளர்ந்தது அல்லது தேய்ந்தது என்று அறிக்கை எழுதுவோர், ஒரே மாதத்தில், ஒரே ஓத நிலையில் எடுத்த அளவுகளை மட்டுமே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டும்.